நாற்பத்தைந்து சுற்ற வேண்டிய தட்டு

அன்பரசி வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்ட ஒரு பேச்சு அவளுக்கு இன்றும் வரிசை பிசகாமல் நினைவிருக்கிறது. மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், கடற்கரைச் சாலையை ஒட்டிய விடுதி அது. வரவேற்பு மேசையில் தொலைபேசி அடித்தது. மேசைக்குப் பின்னால் நீலப் புடவையில் உட்கார்ந்திருந்த பெண்மணி ஸ்பீக்கர் பொத்தானை அழுத்திவிட்டு, கணினியைப் பார்த்தபடியே பேசினார்.

"வணக்கம், சொல்லுங்க."

"சார், சனிக்கிழமைக்குக் கடல் தெரியிற மாதிரி ரூம் கெடைக்குங்களா சார்?"

"இருக்கு. எத்தன பேரு?"

"பேமிலி சார். சின்னப் பசங்க ரெண்டு. அப்புறம் சார், என் ஒய்ப்புக்கு ஏதோ கேக்கணுமாம். லேடீஸ் யாராச்சும் இருந்தா குடுங்களேன் சார்."

"ஒரு நிமிஷம் இருங்க."

அவர் யாரையும் கூப்பிடவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தார். மூடியைத் திருகினார். பிறகு அதே குரலில், "சொல்லுங்க மேடம்" என்றார்.

மறுமுனையில் ஒரு பெண் தயங்கினாள். "சார், லேடீஸ்கிட்ட குடுக்கச் சொன்னாரே எங்க வீட்டுக்காரர்…"

"அவங்கதாம்மா பேசுறேன்."

பேசி முடித்து அவர் திரும்பியபோது அன்பரசி ஒரு கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தாள்.

"சிரிக்கறதுன்னா நல்லா சிரி பாப்பா. அடக்கினா விக்கல் வரும்."

"இல்லக்கா, மொதல்லயே மேடம்னு சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா இன்னா பண்ணுவான்? சாரி சாரின்னு நாலு தபா சொல்லுவான். அப்புறம் வெக்கப்பட்டுக்கினு வேற ஓட்டலுக்குப் பூடுவான். யாவாரம் போச்சா?"

"கோவம் வராதாக்கா?"

"ஒரு காலத்துல வந்துச்சு. இப்ப ஒரே ஒரு கேள்விதான் வருது. இது யார் தொண்ட? எங்க நைனாவுக்குக் கீச்சுக் கொரலு. அவரு வரப்புல நின்னு கூவினா கிளி ஓட்டற மாதிரி இருக்கும். எங்கம்மா சாவும்போது எனக்கு ரெண்டு வயசு ரொம்பல. அவங்க கொரலு இப்டி இருந்துச்சான்னு கேட்டா ஒருத்தன் வாயிலயும் உருப்படியா பதில் வரமாட்டேங்குது."

அவர் பெயர் பிரிசில்லா. அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் அன்பரசி மதியச் சாப்பாட்டை அவரோடு சாப்பிடத் தொடங்கினாள். கணக்குப் பிரிவில் யாரோடும் அதிகம் ஒட்டாத பெண் அவள். எட்டாவது வரை தமிழிலும் அதற்குப் பிறகு ஆங்கிலத்திலும் படித்தவள். இரண்டு மொழியிலும் குறைவாகவே பேசுவாள். பிரிசில்லாவிடம் பேச வேண்டிய தேவையே இருக்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

திருப்போரூருக்கு உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவே உள்ள ஊர் பிரிசில்லாவுடையது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்த நிலம் பிறகு மனைகளாகப் பிரிந்தபோது, அப்பா அதே நிலத்துக்குக் காவலாளி ஆனார். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் பிரிசில்லா "உள்ளேன் ஐயா" என்றதும், ஆசிரியர் பையன்கள் பக்கம் திரும்பி, "எவன்டா அது பொம்பளப் பேருக்கு ஆஜர் சொல்றவன்?" என்று அதட்டினாராம். சர்ச் பாடகர் குழுவில் பெண்கள் வரிசையில் நின்று பாடியதும், நடத்துகிறவர் எதுவும் சொல்லாமல் தோளைப் பிடித்து ஆண்கள் வரிசைக்கு நகர்த்தினார். அன்றோடு பிரிசில்லா பாடுவதை விட்டார். முப்பது வருடத்துக்கு மேலாக ஞாயிறுதோறும் வெறுமனே வாயசைத்துக்கொண்டுதான் இருந்தார்.

செங்கல்பட்டு பஸ் நிலையத்தருகே ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலை பார்த்தபோதுதான் கணவர் சாம் பழக்கமானார். லாரி ஓட்டுநர். சரக்கு வந்துவிட்டதா என்று கேட்க பூத்துக்குப் போன் செய்வார். எடுத்தது ஆண் என்று நினைத்து, "மச்சான், லோடு வந்தா ஒரு சத்தம் குடு மச்சான்" என்று மாதக்கணக்கில் பேசியிருக்கிறார். ஒருநாள் நேரில் வந்து, "இங்க போன் எடுக்கற மச்சான் எங்க?" என்று பிரிசில்லாவிடமே கேட்டார்.

"அப்ப அவரு என்னை மச்சான்னு கூப்ட்டாரு. கல்யாணம் ஆயி நான் அவர மச்சான்னு கூப்பட்றேன். கணக்கு நேராப் போச்சு" என்பார் பிரிசில்லா.

அம்மா பெயர் எல்லம்மாள். அவர் பாடுவார் என்பது மட்டும் ஊருக்கே தெரியும். சர்ச்சில் அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்காக ஊர்க்காரர்களே கட்டிய பாட்டு ஒன்று இருந்தது.

கூலி நெல்லு கூடையில,
கும்பிடுறோம் உம் வாசலில

என்று தொடங்கும். எழுபதுகளில் சபையைச் சேர்ந்த யாரோ முயற்சியெடுத்து, எல்லம்மாளைச் சர்ச் ஆர்மோனியத்தோடு சென்னைக்குக் கூட்டிப்போய், அந்தப் பாட்டையும் வேறு சில பாட்டுகளையும் பதிய வைத்தார்கள். நிமிடத்துக்கு நாற்பத்தைந்து முறை சுற்றும் சின்ன இசைத்தட்டாக வந்தது. தட்டில் எல்லம்மாள் பெயர் அச்சாகியிருந்தது. ஆனால் அதைப் போட்டுக் கேட்கும் கருவி ஊரில் யாரிடமும் இல்லை. தட்டு கூடுவாஞ்சேரியில் இருக்கும் தாய்மாமன் ஜெபக்குமார் வீட்டுப் பரணுக்குப் போய், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் நாற்பது கோடைகளைப் பார்த்தது.

ஜெபக்குமார் எல்லம்மாளின் தம்பி. அக்கா இறந்தபோது அவருக்குப் பத்து வயது. பிரிசில்லா எத்தனை முறை கேட்டாலும் அவருடைய பதில் ஒன்றுதான்.

"அக்கா பாடுனா நல்லாருக்கும்மா."

"அது சரி மாமா. கொரலு எப்டி இருக்கும்? தடியாவா, மெல்லிசாவா?"

"கொரலு கொரலு மாதிரிதாம்மா இருக்கும்."

இப்படி இருக்கும்போதுதான் விடுதிக்கு ஒரு ரெக்கார்டு பிளேயர் வந்தது. மாதக்கணக்கில் தங்கியிருந்த ஓர் அமெரிக்கர், ஊருக்குத் திரும்பும்போது அதை மேலாளர் ராகவனிடம் அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போனார். ஓய்வறையில் வைத்தால் அழகாக இருக்கும் என்று ராகவனுக்கு ஆசை. விடுதியின் எலக்ட்ரீஷியன் கிருபாகரனைக் கூப்பிட்டார். கிருபாகரன் பின்பக்கத் தகட்டைப் பார்த்து, "இது அமெரிக்கா ஓல்ட்டேஜு சார், நேரா சொருகினா பொகஞ்சிடும்" என்று சொல்லி, மின்னழுத்தத்தைக் குறைக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கி வைத்தார். சாலையில் பஸ் போனால் முள் அதிராமலிருக்க, சிற்பப் பட்டறையில் ஒரு கருங்கல் பலகை வாங்கிவந்து அடியில் போட்டார். சிற்பி முதலில் தட்டினால் மணிபோல ஒலிக்கும் நல்ல கல்லைத்தான் எடுத்துக் கொடுத்தாராம். சாமி சிலைக்கு அதுதான் உசத்தி. "அண்ணாத்த, எனக்குப் பாடாத கல்லு வேணும்" என்று கிருபாகரன் கேட்டதும், சிலைக்கு ஆகாதென்று மூலையில் தள்ளியிருந்த ஊமைக் கல் கிடைத்தது.

கருவியோடு வந்த புல்லாங்குழல் தட்டு ஒன்றைப் போட்டார்கள். ராகவன் கண்ணை மூடிக் கேட்டார்.

"நதி மாதிரி அசைஞ்சு போகுது பாருங்க. கெஸ்ட்டுக்கு இந்த அமைதிதான் வேணும்."

பிரிசில்லா அடுத்த ஞாயிறே கூடுவாஞ்சேரிக்குப் போய்த் தட்டை எடுத்துவந்தார். எடுத்துப் பார்த்த கிருபாகரன் தலையைச் சொறிந்தார்.

"இன்னாக்கா இது, பொரிச்ச அப்பளம் மாதிரி கீது?"

தட்டு ஒரு பக்கம் அலைபோல மேலெழும்பியிருந்தது. சுழலவிட்டு முள்ளை வைத்தால், மேடு வரும்போது முள்ளைத் தாங்கிய கை தூக்கியடித்து, இரண்டு வரி தாண்டிப்போய் விழுந்தது. இரண்டாம் முயற்சியிலேயே ராகவன் ஓடிவந்து, முள் உடைந்தால் இங்கே கிடைக்காது என்று நிறுத்தச் சொன்னார். பிரிசில்லா தட்டைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அன்று மாலை செங்கல்பட்டு பஸ்ஸில் உட்கார்ந்து அன்பரசி கைபேசியில் தேடினாள். முள்ளைத் தாங்கிய கையின் அடியில் இருந்த சின்னக் கிண்ணமும், அதற்குள் தொங்கிய குட்டித் தகடும் எதற்கு என்று அன்றுதான் தெரிந்தது. கிண்ணத்தில் கெட்டியான எண்ணெய் இருக்க வேண்டும். தகடு அதில் முங்கி நின்றால் கை சட்டென்று துள்ள முடியாது, மேட்டில் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். விடுதியின் கண்ணாடிக் கதவு படாரென்று அடிக்காமல் மெதுவாகச் சாத்திக்கொள்கிறதே, அதன் மேலிருக்கும் எண்ணெய்க் கை செய்கிற அதே வேலை. அமெரிக்கரின் கிண்ணம் காய்ந்துபோயிருந்தது.

அதற்கான எண்ணெய் உள்ளூரில் கிடைக்கவில்லை. கிருபாகரன் கையில் கிடைத்ததையெல்லாம் ஊற்றிப் பார்த்தார்.

"தேங்கா எண்ண தண்ணியாட்டம் ஓடுது. கிரீஸு வெச்சா கையே அசையல. பேஜாருக்கா."

"வெளக்கெண்ண!" என்றார் பிரிசில்லா.

"இன்னாக்கா, ஒதவி பண்றவனையே திட்டற?"

"திட்டலடா. வெளக்கெண்ண ஊத்துன்றேன்."

விளக்கெண்ணெய் நின்றது. மேடு வந்தபோது கை கர்ப்பிணிப் பெண் படியேறுவதுபோல நிதானமாக ஏறி இறங்கியது. முள் தடம் மாறவில்லை.

வேகம் சரியா என்று பார்க்கவும் பெட்டியில் ஒரு பொருள் இருந்தது. ஓரம் முழுக்கக் கோடுகள் அச்சிட்ட வட்ட அட்டை. அதைத் தட்டுக்குப் பதிலாகச் சுழலவிட்டு, மின்சாரத்தோடு சேர்ந்து மினுக்கும் விளக்கில் பார்க்க வேண்டும். வேகம் சரியாக இருந்தால் கோடுகள் ஓடாமல் நின்ற இடத்தில் நிற்பதுபோலத் தெரியும். ஓய்வறையின் எல்.இ.டி. வெளிச்சத்தில் கோடுகள் சாம்பலாகக் கரைந்தன. கிருபாகரன் பழைய சாமான் அறையிலிருந்து சோக்கு வைத்த டியூப் லைட் ஒன்றைத் தூக்கிவந்து பிடித்தார். கோடுகள் வரைந்து ஒட்டியதுபோல நின்றன.

"அசையவே இல்ல பாரு. பக்கா!"

பிறகு எல்லம்மாள் பாடினார்.

முதலில் ஓர் ஆர்மோனியம் இழுத்தது. அடுத்து ஒரு குரல் வந்தது. தாழ்ந்த, அகலமான, அவசரமில்லாத குரல். 'கூலி நெல்லு கூடையில' என்று அது தொடங்கியபோது அன்பரசி தன்னையறியாமல் பிரிசில்லாவைத் திரும்பிப் பார்த்தாள், அவர்தான் பாடுகிறாரோ என்று. பிரிசில்லாவின் வாய் மூடியிருந்தது. கை தொண்டையில் இருந்தது. சரணத்துக்கு முன்னால் யாரோ ஓர் ஆண் லேசாகக் கனைப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. பாட்டு முடிந்து முள் வெறும் தடத்தில் சரசரத்தபோதும் யாரும் அதை எடுக்கவில்லை.

"என்னுது" என்றார் பிரிசில்லா. "பாப்பா, இது என்னுது."

அன்பரசி கைபேசியில் பதிந்துகொடுத்ததை அங்கிருந்தே மாமாவுக்குப் போட்டுக் காட்டினார். போனில் ஜெபக்குமார் அழுதது ஓய்வறை முழுக்கக் கேட்டது. "அக்காதாம்மா. எங்க அக்காதான்."

அந்த வாரத்திலிருந்து தொலைபேசியில் யாராவது சார் என்றால் பிரிசில்லா விடவில்லை. "சார் இல்லீங்க, மேடம். எங்க அம்மா கொரலு எனக்கு. அவங்க ரெக்கார்டே குடுத்திருக்காங்க" என்பார். ரூம் கேட்க வந்தவர்கள் அதையும் கேட்டுவிட்டுப் போனார்கள். சபையில் போய், இந்த அறுப்பின் பண்டிகையில் அம்மா பாட்டைத் தான் தனியாகப் பாடப்போவதாகச் சொன்னார். வீட்டில் சமைக்கும்போதும் பாடுகிறாள், லாரி சத்தமே தேவலை என்று சாம் அலுத்துக்கொண்டார். ஆனால் பண்டிகைக்குப் புதுச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டார்.

ஒத்திகைக்கு அன்பரசியும் போனாள். சர்ச்சில் இருந்தது அதே ஆர்மோனியப் பெட்டி, தட்டில் கேட்பதும் அதுதான் என்று ஊரே சொன்னது. வாசிப்பவர் தேவசகாயம். கைபேசியில் பாட்டை ஓடவிட்டு அதோடு சேர்ந்து வாசிக்க முயன்றார். ஒரு கட்டையில் வைத்தால் தட்டிலிருக்கும் சத்தம் ஒரு நூல் கீழே நின்றது. அடுத்த கட்டைக்கு இறங்கினால் பெட்டி அதைவிடக் கீழே போய்விட்டது. இரண்டு ஆர்மோனியமும் உரசிக்கொண்டு பல் கூசியது.

"ஒரே பெட்டிதானே, எப்படி ஒட்டாம போகும்?" என்றாள் அன்பரசி.

"பழைய ரீடும்மா. எறங்கிப் போயிருக்கும்" என்று தேவசகாயம் துருத்தியை மூடினார்.

ஆனால் ரீடு இறங்கியிருந்தால் பெட்டியல்லவா தாழ்ந்து ஒலிக்க வேண்டும்? இங்கே தாழ்ந்து நின்றது தட்டு. அன்பரசிக்கு அது செருப்புக்குள் சிக்கிய மணல்போல இருந்தது. மறுநாள் வேலை முடிந்ததும் ஓய்வறைக்குப் போனாள். அட்டையைச் சுற்றவிட்டு டியூப் லைட்டில் பார்த்தாள். கோடுகள் நின்றன. நிறுத்திவிட்டு அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பினாள். ஓரத்தில் கடுகளவு எழுத்தில் 60 என்று இருந்தது. கருவியின் பின்பக்கத் தகட்டிலும் மின்னழுத்தத்துக்குப் பக்கத்தில் அதே 60.

"கிருபாண்ணா, இந்த அறுபதுன்னா என்ன?"

"அது கரண்ட்டு ஒரு செகண்டுக்கு எத்தினி தபா ஆடுதுங்கிற கணக்கும்மா. அவுங்க ஊர்ல அறுவது. நம்மூர்ல அம்…" கிருபாகரன் நிறுத்தினார். கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கல்லின்மேல் வைத்தார். "ஐயையோ."

"என்னண்ணா?"

"நான் ஓல்ட்டேஜத்தான் கொறச்சேன். ஆட்டத்த அந்த டப்பா மாத்தாது. இந்த மோட்டாரு ஓல்ட்டேஜப் பாத்து ஓடறது இல்லம்மா, ஆட்டத்தப் பாத்து ஓடறது. அறுவதுக்குச் செஞ்ச மோட்டாரு அம்பதுல ஓடிக்கினு கீது."

"அப்ப கோடு நின்னுச்சே?"

"நிக்காம இன்னா பண்ணும்? டியூப் லைட்டுக்கும் அதே கரண்ட்டுதான? மோட்டாரும் மெதுவா சுத்துது, லைட்டும் மெதுவா மினுக்குது. திருடனும் ஏட்டும் ஒரே சைக்கிள்ல டபுள்ஸ் போனா யாரு யாரப் புடிக்கறது?"

நம்ப முடியாமல் அன்பரசி சுழலும் தட்டில் ஒரு விலைச் சீட்டை ஒட்டி, கைபேசிக் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினாள். நாற்பத்தைந்து சுற்று வர வேண்டியதற்கு முப்பத்தேழரை வந்தது. மறுபடி எண்ணினாள். முப்பத்தேழரைதான். ராகவன் ரசித்த நதியும் அப்படி அசைந்து போக வேண்டிய நதியில்லை.

"அக்காகிட்ட சொல்லாதம்மா. பண்டிக முடியட்டும். யாருக்கு இன்னா நஷ்டம்?" என்றார் கிருபாகரன்.

அன்பரசி அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தும் வெளியே எதையும் பார்க்கவில்லை. சொன்னால், வாழ்நாளில் முதன்முறையாகத் தன் தொண்டைக்கு ஒரு சொந்தக்காரி கிடைத்தவரிடமிருந்து அவளைப் பறிப்பதாகும். சொல்லாவிட்டால், பண்டிகை ஞாயிறன்று ஊருக்கு முன்னால் நின்று, 'இது எங்கம்மா குரல்' என்று அவர் சொல்லப்போவது மோட்டாரின் குரலை. பிரிசில்லா தன்னிடம் ஆறுதல் எதுவும் கேட்டதில்லை என்பது அவளுக்கு உறைத்தது. அவர் கேட்டது ஒரு கேள்வி. இது யார் தொண்டை? அந்தக் கேள்விக்குத் தப்பான விடையைத் தெரிந்தே விட்டுவைக்க அவளால் முடியவில்லை.

மறுநாள் காலை நாஸ்தா நேரத்தில் சொன்னாள். சுற்றி வளைக்கத் தெரியாததால் நேராகவே சொன்னாள்.

"அக்கா, அந்த மெஷின் மெதுவா ஓடுது. மொதல்லேர்ந்தே."

பிரிசில்லா இட்லியைப் பிட்ட கையை அப்படியே வைத்திருந்தார். "கோடு நின்னுச்சேடி."

விளக்கையும் மோட்டாரையும் பற்றி அன்பரசி விளக்கினாள். பிரிசில்லா குறுக்கிடாமல் கேட்டார்.

"எவ்ளோ மெதுவா?"

"ஆறுல ஒரு பங்கு கொறச்சல்."

"அப்ப எங்கம்மா கொரலு?"

"இன்னும் மேல இருக்கும்க்கா."

"எவ்ளோ மேல?"

"கேட்டாத்தான் தெரியும்."

"மாமா அக்காதான்னு அழுதாரே."

பிரிசில்லா இட்லியை மெல்லத் தின்று முடித்து, கை கழுவிவிட்டு வந்தார். "கிருபாவக் கூப்புடு. சரி பண்ணிட்டு ஓட்டுங்க. தெரியாம நின்னா வேலைக்காவாது."

மோட்டாரின் நுனியில் ஒரு சின்னப் பித்தளைக் கப்பி இருந்தது. ரப்பர் பட்டை அதைச் சுற்றித்தான் தட்டைச் சுழற்றுகிறது. முப்பத்தேழரையை நாற்பத்தைந்தாக்க அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட வேண்டும்; கப்பி அந்த அளவு பருத்தால் தட்டும் அவ்வளவு வேகமாகும். கிருபாகரன் அதன்மேல் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினார். எண்ணிப் பார்த்தால் கணக்கு ஏறக்குறைய வந்தது. முள்ளை வைத்தார்கள். மெல்லிய குரல் ஒன்று கிடுகிடுவென்று நடுங்கியபடி பாடியது.

பிரிசில்லா எழுந்து நின்றுவிட்டார். "இன்னாடா இது, எங்கம்மா அழுதுக்கினே பாடறாங்களா?"

"இல்லக்கா! டேப்பு முடியற எடத்துல ஒரு மேடு. கப்பி சுத்தறப்பல்லாம் அது பட்டைய இடிக்குது. அதான் கொரலு ஒதறுது."

"அப்ப அம்மா அழுவல?"

"அழுவல. டேப்புதான் அழுவுது."

கிருபாகரன் டேப்பைப் பிய்த்து எறிந்தார். செங்கல்பட்டில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் கொடுத்து, சரியான பருமனில் புதிதாக ஒரு பித்தளைக் கப்பி கடைந்து வாங்கிவந்தார். அன்பரசி எண்ணினாள், நாற்பத்தைந்து. கணக்குப்படி இந்த வேகத்துக்குப் பொருந்த வேண்டிய ஐந்தாம் கட்டையைச் சர்ச் ஆர்மோனியத்திலிருந்து கைபேசியில் பதிந்துவந்திருந்தாள். தட்டின் ஆர்மோனியத்தோடு அதை ஓடவிட்டதும், இரண்டும் ஒன்றில் ஒன்று கரைந்து ஒரே சத்தமாயின.

இப்போது பாடியது ஒரு சின்னப் பெண். மூக்கு லேசாக ஒலிக்க, வார்த்தைகளை வெடுக்கு வெடுக்கென்று வெட்டி, முடித்துவிட்டு ஓடப்போகிறவள்போலப் பாடினாள். கூலி நெல் கொஞ்சம் அதிகமாகவே கிடைத்துவிட்டது என்பதுபோல ஒரு துள்ளல். சரணத்துக்கு முன்னால் ஆண் கனைப்பதாக எல்லாரும் நினைத்தது கனைப்பே இல்லை. பாட்டு மறந்தோ, யாரையோ பார்த்தோ அவள் அடக்க மாட்டாமல் சிரித்த சிரிப்பு.

"உன் வயசு இருக்கும் பாப்பா" என்றார் பிரிசில்லா. "நாப்பத்தாறு வயசுல எங்கம்மாவுக்கு நான் அம்மா மாதிரி ஆயிட்டேன்."

மாமாவுக்கும் போட்டுக் காட்டினார். அவர் மறுபடி அழுதார். "அக்காதாம்மா."

"மாமா, முன்ன அதையும் அக்கான்னீங்க?"

"ரெண்டும் அக்காதாம்மா" என்றார் ஜெபக்குமார், அசையாமல்.

பிரிசில்லா சிரித்தார். ஆனால் அன்று சாயங்காலமே தேவசகாயத்துக்குப் போன் செய்து, பண்டிகையில் தான் பாடவில்லை என்று சொல்லிவிட்டார். காரணம் கேட்டதற்குத் தொண்டை சரியில்லை என்றார். அடுத்த சில நாட்கள் தொலைபேசியில் யார் சார் என்று கூப்பிட்டாலும் திருத்தாமல் பதில் சொன்னார். சாப்பிடும்போது பேச்சு குறைந்தது. தான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று அன்பரசி கேட்க வாயெடுத்தபோது, பிரிசில்லா கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ சொன்னதுல தப்பு இல்ல. சொல்லலன்னா அந்தச் சிரிப்பு எனக்குக் கெடச்சிருக்குமா? அது இல்ல விசயம். நான் வேற ஒண்ணு யோசிச்சுக்கினு கீறேன். அது சரியா வரமாட்டேங்குது."

பண்டிகைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. கடற்பக்கம் காற்று மாறி, ஓய்வறைத் திரைகள் எல்லாம் உள்நோக்கி உப்பியிருந்தன. விருந்தினர் யாரும் இல்லை. பிரிசில்லா அன்பரசியின் மேசைக்கு வந்து, கணக்குத் தாள்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பாப்பா, அன்னிக்கி மெதுவா ஓடறப்போ பாடுனது எங்கம்மாவா, இல்லியா?"

"அம்மாதான்க்கா. மெதுவா ஓடின அம்மா."

"அது அச்சு என் கொரலு. நீயே திரும்பி என்னைப் பாத்தியே. நான் கவனிச்சேன்."

"ஆமாக்கா."

"அப்ப எங்கம்மாவ எறக்கினா நான் வரேன். இல்ல?"

அன்பரசி பேனாவை மூடினாள். தான் ஏன் இதை யோசிக்கவில்லை என்று அவளுக்கு வியப்பாக இருந்தது.

பிரிசில்லா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கைபேசியை அவள் பக்கம் நகர்த்தினார். திரையில் பதிவுப் பொத்தான் சிவப்பாக இருந்தது. வாசல் பக்கம் ஒருமுறை திரும்பி யாரும் இல்லையென்று பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் இப்ப அந்தப் பாட்டப் பாடறேன். நீ புடிச்சுக்கோ. அந்த மெஷினு எங்கம்மாவ எவ்ளோ எறக்குச்சோ, அவ்ளோ என்னை ஏத்திக் காட்டு. எங்கம்மா மாதிரி வந்தா ஞாயித்துக்கெழம பாடறேன். வராட்டி… வராட்டியும் பாடறேன்னே வெச்சுக்கோ. ஆனா பாப்பா, எனக்குத் தெரியணும்."